வண்டி மாமாவின் வாய்

வண்டி மாமாவுக்கு வெளியே பகையாளி என்று யாரும் கிடையாது. அவருடைய வாய் ஒன்றே போதுமானதாக இருந்தது. பிழைப்பு தேடிக் கடல் தாண்டி வந்த நாளிலிருந்து அந்த வாய் அவரை ஒரு வேலையிலும் நிலைக்க விடவில்லை. கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலை, மேஸ்திரியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டதில் போனது. அப்புறம் டாக்சி ஓட்டினார். பின்சீட்டில் சாய்ந்துகொண்டு வழி சொல்லியே உயிரை எடுத்த ஒருவரை நடுரோட்டில் இறக்கிவிட்டு, “நீயே நடந்து காட்டு” என்றார். கம்பெனி பஸ் ஓட்டியபோது முதலாளியின் மைத்துனர் என்று தெரியாமல் ஒருவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பார் என்பது வேறு விஷயம்.

கடைசியில் அவரைச் சேர்த்துக்கொண்டது சிஸ்டர்கள் நடத்தும் பிள்ளைகள் இல்லம். அவரைப் போலவே பிழைக்க வந்து, வந்த இடத்தில் போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். காலையில் மணி அடித்தால் போர்வை மடிப்பு, பல் தேய்ப்பு, செபம், ரொட்டியும் பாலும், அதற்கப்புறம் ஷூ தேடும் கலவரம். வலது கால் ஷூ கிடைத்தவனுக்கு இடது கால் கிடைக்காது. இத்தனை பேரையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் கொட்டிவிட்டு வருவதுதான் மாமாவின் வேலை.

செபத்துக்கு மட்டும் உள்ளே வரமாட்டார். அந்த நேரம் பார்த்து வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

“எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது சிஸ்டர்” என்பார்.

“அவர் பேசிக்கிட்டுதான் இருக்கார். நீங்க கொஞ்சம் வாய மூடுனாத்தானே காதுல விழும்” என்பார் பெரிய சிஸ்டர். இல்லம் முழுவதும் அவர் பொறுப்பு.

வேன் கிளம்பிவிட்டால் பிள்ளைகளுக்கு அதுதான் சினிமா. யாராவது குறுக்கே வந்தால் போதும், மாமா ஜன்னலை இறக்கிவிடுவார். “என்னா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா? ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா? லாரிய வாங்குனவன் கண்ணையும் சேத்து வாங்கியிருக்கக் கூடாதா?” நடுவில் காது கூசும் வார்த்தை ஒன்றிரண்டு நழுவும். படித்த பாடத்தையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வரும் பிள்ளைகள், அந்த வார்த்தைகளை மட்டும் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைப்பார்கள். பெரிய சிஸ்டர் எத்தனையோ முறை எச்சரித்துப் பார்த்துவிட்டார்.

அப்போதுதான் புதுசு வந்தது. யார் புதிதாக வந்தாலும், அடுத்த ஆள் வரும்வரை அந்த வீட்டில் அவர்களுக்குப் பெயர் புதுசுதான். பெற்றதும் தாய் கண்ணை மூடிவிட்டாள். தகப்பன் யாரென்று சொல்ல ஆளில்லை. குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்ளும் சின்ன சிஸ்டர், மாமாவின் வேனில் போய் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தார். வழியில் புட்டியை வாயில் வைத்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தது. ‘இது பிழைத்துக்கொள்ளும்’ என்று சிஸ்டருக்கு நிம்மதியாக இருந்தது.

இல்லத்துக்குள் வந்த பிறகு புட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாலைச் சுட வைத்தார்கள், ஆற வைத்தார்கள், ரப்பரை மாற்றினார்கள், ஆள் மாற்றி ஆள் மடியில் வைத்துப் பார்த்தார்கள். உதட்டைப் பூட்டிக்கொண்டது. பதறிப்போய் வேனில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் போகிற வழியிலேயே குடித்துவிட்டது. “ஒரு கொறையும் இல்லையே” என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு வந்தால் பழைய குருடி கதைதான். கன்னம் ஒட்டிப்போய், அழுவதற்கும் தெம்பில்லாமல் ஆகிவிட்டது.

மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். “இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கா குடிக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் குழாய் போட்டுத்தான் ஆகணும். அதுக்கப்புறம் ஒங்ககிட்டயே திரும்பி வரும்னு நான் சொல்ல முடியாது.”

சின்ன சிஸ்டர் அழாத குறை. “வண்டியில மட்டும் குடிக்கிறா. அது என்னன்னுதான் புரியல.”

இன்ஜின் சத்தமாக இருக்கும் என்று முற்றத்தில் வேனை நிறுத்தி உறுமவிட்டுப் பார்த்தார்கள். குடிக்கவில்லை. ஆட்டமாக இருக்கும் என்று ஓட்டிப் பார்த்தார்கள். பெரிய சிஸ்டரும் கூட ஏறிக்கொண்டதால் மாமா வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாக ஓட்டினார். தெரு தெருவாகச் சுற்றியும் புதுசு வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் மனசு விட்டுப்போய்த் திரும்பும்போது, சந்திலிருந்து லாரி ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் மூக்கை நீட்டியது. பிரேக்கை மிதித்த மாமாவுக்குச் சிஸ்டராவது, செபமாவது!

“டேய் தடிமாடு! கண்ண எங்கடா அடகு வச்சிட்டு வந்த? வண்டில பச்சப்புள்ள இருக்குடா, நீயெல்லாம் லைசென்ஸ சந்தையில வாங்குனியா...”

“மாமா, குடிக்கிறா!” என்று பின்னாலிருந்து சின்ன சிஸ்டர் கத்தினார்.

மாமா திகைத்து வாயை மூடினார். குழந்தையும் நிறுத்தியது. பெரிய சிஸ்டர் மெல்லத் தொண்டையைச் செருமி, “இன்னும் கொஞ்சம் திட்டுங்க பாப்போம்” என்றார்.

மாமாவால் இதை நம்ப முடியவில்லை. அவர் குரலைக் கேட்டால் சொந்த மகளே தொட்டிலில் வீறிட்டு அழுவாள். “கொஞ்ச நேரம் வெளியிலதான் இருங்களேன்” என்று மனைவி அவரைத் தெருவுக்கு அனுப்பிவிடுவாள். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, இன்றைக்கும் போனில், “அப்பா, கத்தாதீங்க, வச்சிடறேன்” என்பாள். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட குரலை உலகத்துக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு உயிர் தேடுகிறது என்றால், அவர் எங்கே போய்ச் சொல்வார்?

“நாள் பூரா ரோட்டுல வச்சு வளக்க முடியாது. உள்ள வாங்க” என்றார் பெரிய சிஸ்டர்.

குழந்தைகள் அறையில் மாமாவுக்குக் கிடைத்தது முழங்கால் உயர நாற்காலிதான். எதிரே சின்ன சிஸ்டர் மடியில் புதுசு. செப மணி அடித்தும் பிள்ளைகள் எல்லோரும் வாசலில் அப்பிக்கொண்டு நின்றார்கள்.

“செபம் அப்புறம். இப்ப இவர் திட்டட்டும்” என்றார் பெரிய சிஸ்டர். சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திடுக்கிட்டார்.

மாமா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. “யாரத் திட்டறது சிஸ்டர்? எதுக்க ஒருத்தனும் இல்லையே.”

முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி சட்டென்று உள்ளே பாய்ந்தாள். “நான் லாரி! டேய், நீ பைக்குடா!” இரண்டு பேரும் உறுமிக்கொண்டு கட்டில்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். லாரி வளைந்து வந்து மாமாவின் காலை மிதித்தது.

“ஏய்! இண்டிகேட்டர் போடத் தெரியாதா? ஒனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தவனத் தேடிட்டு இருக்கேன்!”

புட்டிக்குள் குமிழ் ஏறியது. மாமாவுக்குச் சூடு பிடித்தது. பைக்குக்கு ஒரு திட்டு, லாரிக்கு இரண்டு. அந்தச் சின்னஞ்சிறு தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே திட்டினார். பாதிப் புட்டி இறங்கியிருந்தபோது குழந்தை கண்ணைத் திறந்து, குரல் வந்த பக்கம் மெல்லத் தலையைத் திருப்பியது.

அவ்வளவுதான். மாமாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எந்த மனுசனுக்கும் பணியாத அந்த வாய் பேச்சு மூச்சில்லாமல் நின்றது. புட்டியில் குமிழும் நின்றது.

“மாமா, நின்னுடுச்சு! திட்டுங்க மாமா!” என்று பிள்ளைகள் அலறினார்கள்.

மாமா புறங்கையால் மூக்கைத் துடைத்தார். லாரியைப் பார்க்கவில்லை, பைக்கைப் பார்க்கவில்லை. குனிந்து குழந்தையின் முகத்துக்கு நேராக ஆரம்பித்தார்.

“ஏண்டி கழுத... ஊருல எத்தனையோ நல்ல கொரல் இருக்கு. ஒனக்குப் போயும் போயும் இதுதானா கெடச்சுது? ஒனக்குக் காது இருக்கா, இல்லையா? பெத்த பொண்ணே கேக்காத கொரலுடி இது. குடி... குடிச்சுத் தொலை...”

குழந்தை மறுபடி குடிக்க ஆரம்பித்தது. புட்டி காலியாகும்வரை அவர் நிறுத்தவில்லை.