கோவாச் என்றால் என்ன சாதி?

இன்று காலை பாறசாலையில், மாமா வீட்டில் என் கல்யாணப் பேச்சு.

"பையனுக்க குடும்பப் பேரு எதாக்கும்?" என்றார் மாமா. சாதி கேட்டு என் அக்காவின் கல்யாணத்தை நிறுத்தியவர் இவர்தான்.

"கோவாச், மாமா. குரோஷியாக்காரர்."

உடனே போனை எடுத்துத் தேடினார்.

"கொல்லன்! இரும்படிக்கிற கூட்டமாக்கும்!"

"மாமா, அவருக்கு வேலை கம்ப்யூட்டர்ல. அது சும்மா ஒரு பேரு. இங்கிலீஷ்ல ஸ்மித்துண்ணு உண்டு இல்லியா? அதுக்கும் இதே அர்த்தம்தான். அங்க ஆரும் அதெல்லாம் நோக்கதில்ல."

அடுக்களையிலிருந்து மாமி எட்டிப் பார்த்தார்.

"ஸ்மித்தா? நம்ம லண்டன் மருமகனுக்க பேரும் அதல்லியா?"

பாறசாலை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்ட மருமகன். மாமாவின் முகம் வெளுத்தது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். தப்பித்தேன் என்று நினைத்து எழுந்தேன்.

வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டார்: "மக்கா, அவனுக்க அம்மைக்க குடும்பப் பேரு எதாக்கும்? கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்லு."

நெய்யாற்றின்கரை பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவருடைய அம்மாவின் குடும்பப் பெயருக்கு நானே அர்த்தம் தேடினேன். ரிபார். மீன் பிடிக்கிறவர்.

தெருவில் மீன் வண்டி வந்தாலே ஜன்னலை அடைக்கிற வீடு மாமாவுடையது.

நண்பர்களே, மாமாவுக்கு இளைய மகள் ஒருத்தி உண்டு. ஃபிஷர் என்ற பெயரில் நல்ல வெள்ளைக்கார மாப்பிள்ளை இருந்தால், நாளைக் காலைக்குள் சொல்லுங்கள்.