சாமி அலுமாரியைத் திறந்தவன்

என் தம்பிக்குக் கொழும்புத்துறையில் ஒரு சின்னக் கடை. போட்டோப் பிரதி எடுப்பான், கலியாண அட்டை அடிப்பான். நாற்பதை நெருங்கியும் கலியாணம் கட்டவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் உடுவிலில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மற்ற நாட்களில் மச்சம் இல்லாமல் சோறு இறங்காதவன், வெள்ளிக்கு மட்டும் என் கைச் சோற்றுக்காகச் சைவம்.

அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் பைத்தியம். வீடு கட்டி, அதற்குள் ஆட்களைக் குடியிருத்தி, அவர்களைச் சமைக்கவும் தூங்கவும் வேலைக்குப் போகவும் வைக்கிற விளையாட்டு. வெள்ளைக்காரர் செய்ததால் உள்ளே இருக்கிற சாமான்களும் அவர்கள் வீட்டுச் சாமான்கள்தான். தம்பி அதற்குள் எங்கள் சாமான்களைச் செய்து விட்டான். துருவலை, அம்மி, குத்துவிளக்கு, கிணற்றுக்கட்டு. செய்ததை எல்லாம் இணையத்தில் சும்மா போடுவான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் எடுத்துத் தங்கள் விளையாட்டு வீடுகளில் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுச் சாமி அலுமாரியையும் செய்யப்போகிறேன் என்று கமராவோடு வந்தான். இரண்டு கதவு வைத்த மர அலுமாரி. உள்ளே பிள்ளையார், முருகன், அம்மன் படங்கள். தோய்ந்துவிட்டு வந்து எடு என்று சொன்னேன்.

“படம் எடுக்கிறதுக்கு ஏனக்கா தோயிறது? சாமி கமராவுக்குள்ளாலை மணந்து பாக்குமோ?”

“நேற்று என்ன திண்டனி எண்டு எனக்குத் தெரியும். கிணத்தடிக்குப் போ.”

போனான். தோய்ந்து ஈரத் தலையோடு நின்று படம் எடுத்தான். பிறகு விளையாட்டில் காட்டினான். உள்ளே இருந்த ஆட்கள் அலுமாரிக்கு முன்னால் வந்து, கையை முன்னால் கோத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுப் போனார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

அந்த விளையாட்டின் அடுத்த பதிப்பு வந்தபோதுதான் கரைச்சல் தொடங்கியது. பழையதில் செய்த சாமான் ஒன்றும் புதியதற்குள் வேலை செய்யாதாம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமாம்.

“அப்பிடியே தூக்கிப் போட ஏலாதோ?” என்று கேட்டேன்.

“ஏலாதக்கா. உள்ளுக்கு அவங்கடை சாமான் ஒண்டு இருக்கோணும். அதுக்கு மேலை எங்கடை அலுமாரியைப் போர்த்திறது. வெளியாலை பாத்தால் எங்கடை. ஆனால் உள்ளுக்கு இருக்கிறது என்ன செய்யுமோ, அதைத்தான் செய்யும். பழசிலை ஒரு சுவர்ப்படத்துக்கு மேலை போர்த்தினனான். அதாலைதான் சனம் வந்து நிண்டு பாத்தது.”

“இதிலை?”

“இதிலை இன்னும் வடிவு. கதவு திறக்கும். திறந்தால் உள்ளுக்குள்ளை வெளிச்சம் வரும், விளக்குக் கொளுத்தின மாதிரி.”

எந்தச் சாமானின்மேல் போர்த்தினான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவனும் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, வெளிச்சத்தைக் கண்டு மகிழ்ந்து, இணையத்தில் போட்டுவிட்டான்.

சில நாள் கழித்துக் கனடாவில் இருக்கிற எங்கள் சித்தியின் மகள், தன் விளையாட்டு வீட்டில் எடுத்த ஒரு வீடியோவை என் போனுக்கு அனுப்பினாள். கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக இருந்தன.

ஒருவன் வருகிறான். கட்டைக் காற்சட்டை, மேலில் ஒன்றுமில்லை, காலில் சப்பாத்து. கொட்டாவி விடுகிறான். பின்பக்கத்தைச் சொறிகிறான். சொறிந்த கையாலேயே சாமி அலுமாரியைத் திறக்கிறான். வெளிச்சம் வருகிறது. முருகனுடைய நெஞ்சுக்குள்ளால் கையை விட்டு ஒரு கோழிக்காலை எடுக்கிறான். அங்கேயே நின்று கடிக்கிறான். திரும்பவும் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்து, அண்ணாந்து குடித்து, வெறும் போத்தலைப் பிள்ளையாருக்குக் கீழே வைத்துவிட்டு ஏவறை விட்டபடி போகிறான்.

தம்பி வெளிச்சத்துக்காக அலுமாரியைப் போர்த்தியது பிரிட்ஜின்மேல்.

வேறு யாருடைய சாமி என்றால் கண்ணை மூடிக்கொண்டு விட்டிருக்கலாம். முருகன் படத்தின் வலப்பக்க மூலையில் விளக்குப் புகை பட்டு மங்கின இடம் அந்த வீடியோவிலும் அப்படியே தெரிந்தது. நான் தினமும் தொட்டுக் கும்பிடுகிற படம். எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்தேன். அப்படியும் நாவில் ஏதோ ஒட்டினது போலவே இருந்தது.

அன்று பின்னேரம் விளக்கேற்றப் போனால் கதவில் கை வைக்க முடியவில்லை. அவன் கை வைத்த இடம். தேவாரம் தொடங்கினால் இரண்டாம் வரியில் கோழிக்கால் வந்து நிற்கிறது. அடுத்த நாளும் அதே. மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், துடைத்தேன், வெற்றிலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன். அலுமாரி சுத்தமாகத்தான் இருந்தது, என் கண்தான் ஊத்தையாகிவிட்டது. காலையிலிருந்து இரவு வரைக்கும் அடுப்படி, தோட்டம், வீட்டுக்காரருடைய மருந்து என்று போகிற நாளில் எனக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம். அதற்குள்ளேயும் ஒருவன் காற்சட்டையோடு வந்து நின்றால் நான் எங்கே போவது?

என் வீட்டுக்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு, “பாவம், அவன் பசியிலைதானே திறந்தவன்” என்றார். அன்று முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பி வந்து கைகழுவிவிட்டுச் சாப்பிட இருந்தான். நான் வாழையிலை போடவில்லை.

“என்னக்கா, இண்டைக்குப் பட்டினியோ?”

“உவன் முதல் என்ரை அலுமாரியை விட்டுப் போகட்டும். பிறகு உனக்குச் சோறு.”

“அதொரு பொம்மையக்கா.”

“அவன் பொம்மை. உள்ளுக்கு இருக்கிறது என்ரை முருகன்.”

அவன் தலையைச் சொறிந்தான். மடிக்கணினியைத் திறந்து, பிரிட்ஜைக் கழற்றிவிட்டுப் பழையபடி சுவர்ப்படம் ஒன்றின்மேல் போர்த்தினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பெண் வந்தாள். அலுமாரிக்கு முன்னால் நின்றாள். மூக்கைச் சுளித்தாள், நாக்கை வெளியே நீட்டி ஓங்காளிப்பது போல் காட்டினாள்.

“இதென்ன?”

“புதுசிலை ஆக்களுக்குக் குணம் வைச்சிருக்கிறாங்கள். படம் பிடிக்காட்டில் இப்பிடித்தான் செய்வினம். அசல் மனிசர் மாதிரி.”

“பழைய ஆக்கள் ஒழுங்கா நிண்டவை.”

“அவைக்கு வேறை ஒண்டும் தெரியாதக்கா.”

“சரி, உவளின்ரை சப்பாத்தையாவது கழட்டிவிடு. சாமிக்கு முன்னாலை நிக்கிறாள்.”

“சப்பாத்து உடுப்போடை ஒட்டினது. கழட்டிறதெண்டால் முழு உடுப்பையும் மாத்தோணும். பிறகு குளிக்கிற உடுப்போடைதான் நிப்பாள்.”

அரியண்டம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவன் விடவில்லை. சோற்றின் மணம் வர வர வேகமாக வேலை செய்தான். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான்.

“இப்ப வந்து பாருங்கோ. தூணுக்கு மேலை போர்த்திப் போட்டன். தூணை ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது. திறக்கவும் ஏலாது, பழிக்கவும் ஏலாது.”

உண்மைதான். ஒருவரும் தொடவில்லை. ஒருவரும் பார்க்கவுமில்லை. ஒருத்தி போனைப் பார்த்தபடி கடந்து போனாள். ஒருவன் தட்டோடு வந்து, இருக்க இடம் தேடி, அலுமாரிக்கு நேரே முதுகைக் காட்டி நின்று தின்றான். தின்று முடிந்ததும் எச்சில் தட்டை அதே இடத்தில் நிலத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். எச்சிலில் இலையான் மொய்த்தது. இலையானைக்கூடச் செய்து வைத்திருக்கிறார்கள். காசைக் கொட்டி, மூளையைச் செலவழித்து, மனிதர் எப்படி இருப்பார்கள் என்று யோசித்த இடத்தில், கை கழுவுவதையும் கால் கழுவுவதையும் விட்டுவிட்டு இலையானைச் செய்திருக்கிறார்கள்.

“தம்பி, எடுத்துவிடு.”

“தட்டையோ?”

“அலுமாரியை. முழுக்க எடு. துருவலையும் அம்மியும் கிடக்கட்டும்.”

அவன் முகம் வாடிப்போனது. “எத்தினை சனம் இதைக் கேட்டு எழுதியிருக்குது தெரியுமோ? நான் எவ்வளவு பாடுபட்டுச் செய்தனான். எடுத்தால் அந்த வீடுகளிலை சாமியே இல்லாமல் போயிடும்.”

“இல்லாமல் போகட்டும். சாமி இல்லாத வீட்டிலை அவை விருப்பம்போலை சொறியட்டும்.”

கேட்டு எழுதியிருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். அவனுக்கு அது வெறும் பொம்மை இல்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆனாலும் நான் சொன்னதை மாற்றவில்லை. இணையத்தில் இருந்ததை அழித்தான், தன்னிடம் இருந்ததையும் என் கண்ணுக்கு முன்னால் அழித்தான். வாழையிலை போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், ஆனால் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

கனடாக்காரிக்கும் சொல்லச் சொன்னேன். அவள் பதில் போட்டாள். “அக்கா, என்ரை விளையாட்டு வீட்டிலை இருந்து எடுத்துப் போட்டன், மன்னிச்சுக் கொள்ளுங்கோ. ஆனால் முதலே தங்கடை கம்ப்யூட்டரிலை இறக்கினவை கன பேர். அவையிட்டை இருக்கிறதை ஒருத்தராலையும் திருப்பி எடுக்க ஏலாது.”

அந்த விசயம் அவ்வளவில் நின்றுவிட்டது. முகம் தெரியாத யாருடையவோ கம்ப்யூட்டரில், இப்போதும் யாரோ என் முருகனுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு பின்னேரமும் கதவைத் திறக்கும்போது கை கூசுகிறது. விளக்கை ஏற்றுகிறேன். தேவாரத்தில் இரண்டாம் வரியைத் தாண்டி மூன்றாவதற்கு வரச் சில நாட்களில் முடிகிறது, சில நாட்களில் முடிவதில்லை. முடியாத நாட்களில் முதல் வரியிலிருந்து திரும்பவும் தொடங்குகிறேன்.