உட்கார வைத்த பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா போய்விட்டார்கள் என்று போன் வந்தபோது, திருத்தங்கலில் லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றி முடித்திருந்தோம். தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். காலையில் நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி சேருமுன் முடிந்துவிட்டதாம்.

அக்கா நர்ஸ். நான் லோடு லாரி டிரைவர். எங்கள் பழக்கம் என் முதுகெலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே, இரண்டு பிட்டத்துக்கும் நடுவில் தொடங்கியது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், அக்காவும் சிரித்தவர்கள்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அங்கே சீழ்க்கட்டி வந்தது. இடத்தைச் சொல்ல வெட்கப்பட்டு "மூலம்" என்று சொல்லிவைத்தேன். லாரிக் கம்பெனியே கூடி, மூலத்துக்கு நல்லதென்று கருணைக்கிழங்கு கொடுத்தது. மூன்று மாதம் தின்றேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்தபோது அக்கா சொன்னார்கள்: "ஏலே, இது மூலம் இல்ல. முடி உள்ள குத்தி இறங்கிப் பொந்து வச்சிருக்கு. உக்காந்தே ஓட்டுறவுகளுக்கு வாறதுதான். நீ தின்ன கிழங்குக்கு அங்கன போக வழியே கிடையாது."

டாக்டர் மூன்று வழி சொன்னார். பொந்தை வெட்டி எடுத்து நேராகத் தைப்பது. தைக்காமல் திறந்துவிட்டு அடியிலிருந்து ஆற வைப்பது. பக்கத்துச் சதையைத் திருப்பிப் போட்டு, நடுப்பிளவை விட்டுத் தள்ளித் தைப்பது, அதற்கு மதுரைக்குப் போகவேண்டும். தீபாவளி சீசன் நெருங்கியிருந்தது. "எது சீக்கிரம்?" என்று மட்டும் கேட்டேன்.

"நேராத் தைச்சா சீக்கிரம். ஆனா தையல் பிளவுக்குள்ளயே விழுது. வண்டி குலுங்குற குலுக்கலுக்கு இழுக்கும். திரும்ப வந்துச்சுன்னா என்னைய வையாதே" என்றார்கள் அக்கா.

தைக்கச் சொன்னேன். அடுத்த சீசனுக்குள் திரும்ப வந்தது. இந்த முறை லீவில் நின்றால் வேறு டிரைவர் என்றார் முதலாளி. அக்கா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "மதுரைக்குப் போ. அது சீக்கிரமும் ஆறும், திரும்ப வாறதும் கொறச்சல்" என்றார்கள். அம்புட்டுப் பெரிய வெட்டா என்று பயந்தேன். திறந்தே விடச் சொன்னேன்.

"சரி, அதுவும் ஆறும். ஆனா தினமும் வரணும்."

தினமும் மருந்துத் துணியை உள்ளே திணித்தார்கள். முதல் நாள் ஒரு முழம் போனது. சாப்பாடும் டீயும் நின்றபடிதான். வராந்தாவில் அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பேன்.

"அங்க என்ன கொள்ளையா போகுது? வந்து படுலே."

"உங்களுக்கு மட்டும்தாங்க்கா நான் முதுகு காட்டுறது."

"முதுகாலே இது?"

ஒரு நாள் மேல்தோல் மூடிக்கொண்டது, வலியும் இல்லை. வண்டி எடுக்கலாம் என்று துள்ளினேன். அக்கா அழுத்திப் பார்த்து, மூடிய தோலைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். வாய்க்கு வந்தபடி வைதேன். "வைதுக்கோ. அடியில ஆறாம மேல மூடினா அது பொய்" என்று திணித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று வாரம் கழித்துத் துணி நுனிகூட உள்ளே போகவில்லை.

"போலே, வண்டிய எடு."

வண்டி எனக்காகவே நின்றது. அக்கா முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை.

அடக்கத்துக்குப் போனேன். பந்தலில் பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள், காக்கிச் சட்டையில் பஸ் டிரைவர்கூட. அக்காவோடு எப்படிப் பழக்கம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒவ்வொருவராக உட்கார்ந்தோம்.

எல்லாரும் நல்லா உக்காந்திருக்கோம்க்கா. நீங்க நிம்மதியாப் போங்க.