பெவன் அக்கா என்று போட்டிருந்தால்

செய்தி நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. ‘காப்பெல் நகரில் வசித்த திருமதி கமலவேணி சென்னிமலை இறைவனடி சேர்ந்தார்.’ யாரோ ஓர் அம்மா, பாவம் என்று நினைத்துக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனேன். உங்களில் பலரும் அதைத்தான் செய்தீர்கள். எனக்கு மேலேயும் கீழேயும் வரிசையாகக் கைகூப்பிய படங்கள் இருந்தன.

இரண்டு நாள் கழித்துக் காலையில், நம் பெவன் அக்காவின் கணவர் பெவன் கூப்பிட்டார். சீக்கிரம் வர முடியுமா, புடவை கட்டிவிட ஆள் வேண்டும், இங்கே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்றார். யாருக்கு என்று கேட்டேன். அந்த மனிதர் அழுதார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, குழுவில் வந்த அந்தக் கமலவேணி நம் பெவன் அக்கா என்று.

புடவை கட்டி, கொசுவத்தை நீவிவிட்டு வெளியே வந்து பார்த்தால், ஃபியூனரல் ஹோமின் அவ்வளவு பெரிய கூடத்தில் பெவனும் அவர் தேவாலயத்து நண்பர்கள் சிலரும்தான். பெவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரம்பிக்கலாமா என்று ஊழியர் கேட்டபோதெல்லாம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள், அவளுடைய ஆட்கள் வருவார்கள் என்றார். கடைசியில் என்னிடமே கேட்டார், எல்லோரும் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார்களா என்று. ஆமாம், ஃப்ரீவேயில் விபத்து என்றேன். வேறென்ன சொல்வது?

அங்கிருந்தே குழுவில் எழுதினேன். ‘ஐயோ, பெவன் அக்காவா?’ என்று பதில்கள் கொட்டின. அலுவலகத்திலிருந்து பாதியில் ஓடிவந்த இரண்டு பேரும் தகன அறைக் கதவு மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

சங்கச் செயலாளர் அக்காவின் ஊர்ப்பக்கத்துக்காரர். அக்காவின் அப்பா பெயர் சென்னிமலை என்று அவருக்குத் தெரியும். ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“நம்ம பொண்ணுன்னு தெரியணும் இல்லைங்களா? பெவன்னு போட்டா யாரோ வெள்ளைக்காரின்னு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவாங்க.”

இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நம்ம பொண்ணு என்று காட்டப்போய், பெவன் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிய நம்மில் ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியாமல் செய்துவிட்டார். அதுவும் தெரியாமல் செய்ததில்லை. அந்தப் பெயரின் கதையை அக்கா அவருக்கு நேரிலேயே சொல்லியிருக்கிறார்.

ஒரு பொங்கல் பிக்னிக்கில், நம்ம ஊர்ப் பேருக்குப் பின்னால் இந்த வெள்ளைக்கார வால் எதற்கு என்று இவர் கிண்டலாகக் கேட்டார். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். அது வேல்ஸ் நாட்டுப் பெயர். அந்த மக்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. இன்னாரின் மகன் இன்னார், அவ்வளவுதான். மகன் என்பதற்கு அவர்கள் மொழியில் ‘ஆப்’. ஆப் ஈவான் என்று சொல்லிச் சொல்லி, முன்னால் இருந்தது தேய்ந்து பெவன் ஆயிற்று. பவல், பிரைஸ் எல்லாமும் அப்படி வந்தவைதான். ஆங்கிலேயர் சட்டம் வந்து, ஆளுக்கொரு நிரந்தரப் பெயர் வேண்டும் என்று எழுத்தர்கள் பிடிவாதம் பிடித்ததும், ஏதோ ஒரு தகப்பனின் பெயர் அப்படியே உறைந்துவிட்டது. ஈவானைக் கண்ணால் காணாதவர்களும் அன்றிலிருந்து ஈவான் மகன்கள். அந்தக் காலத்தில் அவர்கள் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரிலேயே இருந்தார்களாம், அதையும் சொன்னார்.

“உங்க பொண்ண ஸ்கூல்ல மிஸ் ராமசாமின்னு கூப்பிடறாங்களே, ராமசாமி ஆருங்க? உங்கப்பாதானுங்களே? உங்க ஊட்டுலயும் அதே கதைதான் நடக்குதுங்க.”

செயலாளர் அன்று சிரித்து மழுப்பினார். பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கும் வயதாகியும் அவருக்கு அது உறைக்கவில்லை.

வேலைக்கான விசா இல்லாமல், வீட்டில் அடைந்துகிடந்த எத்தனை பெண்களுக்கு அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்! நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நடுங்கி நடுங்கி ஃப்ரீவேயில் ஏறியவள்தான். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எல்லோரும் கூப்பிடுகிறார்களே என்று நானும் அக்கா என்றேன். லேன் மாற நான் தயங்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். “சிக்னல் போட்டுச் சொல்லிருங்க. பர்மிஷன் கேக்காதீங்க.”

அப்படி ஒரு நாள் காரில்தான் அப்பாவைப் பற்றிச் சொன்னார். பெவனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றதும், இனி என் பெயர் உன் பெயரோடு ஒட்டக்கூடாது என்று அவர் போனை வைத்துவிட்டாராம். சாகும்வரை பேசவில்லை. அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

“அப்பா பேரு அவரு குடுத்தது, அவரே திருப்பி வாங்கிக்கிட்டாரு. இது நானா ஆசப்பட்டு எடுத்துக்கிட்டதுங்க. இத ஆரும் திருப்பி வாங்க முடியாது.”

நாம் வாங்கிவிட்டோம். அவர் செத்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வாங்கிவிட்டோம். அவரை வேண்டாம் என்று சொன்னவரின் பெயரைத் தேடிப்பிடித்து அவர் தலையில் கட்டினோம். கூடவே இருந்து, கடைசியில் மருந்து புகட்டிய மனிதரின் பெயரைத் துடைத்துப் போட்டோம். இப்போது இரங்கல் கூட்டத்துக்குப் பேனர் அடிக்கிறார்கள். அதில் ‘கமலவேணி சென்னிமலை’ என்று பெரிதாகவும், ‘பெவன்’ என்று அடைப்புக்குறிக்குள் சின்னதாகவும் இருக்கிறது. நான் அந்த மேடையில் ஏறமாட்டேன். அங்கே சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் போனில் அவர் எண் ‘பெவன் அக்கா’ என்றுதான் இருக்கிறது, அப்படியே இருக்கும். சிக்னல் போட்டுவிட்டு யாரையும் கேட்காமல் மாறுவதையும் வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பேனருக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பதை விட்டுவிட்டு, பெவன் வீட்டுக்குப் போங்கள். நான் சொன்ன பொய்யை அவரிடம் இன்னும் திருத்தவில்லை. நீங்கள் எல்லோரும் அன்று டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.