ரொட்டிக்கு அப்புறம்தான் கேக்

எங்கள் அப்பா ஒரு பேக்கிங் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகச் செய்துகொண்டு போனார் என்று சொன்னால் இப்போதும் யாரும் நம்புவதில்லை. வேண்டிய பக்கத்தைப் புரட்டிச் செய்வதுதானே ஊர் வழக்கம்? அப்பாவுக்கு அது ஆகாது. ஆவடியில் டாங்கி செய்யும் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர் அவர். பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரும்புக் கட்டையைக் கையில் கொடுத்து, மட்டமாகும்வரை அரத்தால் ராவச் சொல்வார்களாம். கட்டை மட்டமாகாமல் அடுத்த வேலையைத் தொட விடமாட்டார்களாம். அம்மாவுக்கென்று வாங்கிய சின்ன ஓவனை அம்மா சீண்டவே இல்லை என்றதும், அப்பா அந்தப் புத்தியோடு குவார்ட்டர்ஸ் அடுப்படிக்குள் இறங்கிவிட்டார். பிஸ்கட், பன், ரொட்டி, கடைசியில் கேக் என்று புத்தகம் சொன்னது. அப்பாவும் அதே வரிசையில் போனார்.

எனக்கு அப்போது நாலாம் வகுப்பு. வாய் சும்மா இருக்குமா? என் பிறந்தநாள் கேக்கை அப்பாவே செய்யப்போகிறார், அதுவும் மூன்று அடுக்கு என்று பிளாக் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். மாடி வீட்டுக்காரி சிரித்தாள். "உங்கப்பா டாங்கி செய்யிறவருடி. அவரு கேக் செய்வாராக்கும்."

பிஸ்கட்டிலேயே தகராறு. வெண்ணெய் 'அறை வெப்பநிலையில்' இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அப்பாவும் பயபக்தியோடு வெளியே எடுத்து வைத்தார். மே மாதத்து ஆவடியில் அது கொஞ்ச நேரத்தில் எண்ணெயாக ஓடியது. தட்டில் வைத்த பிஸ்கட்டெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே அப்பளமாக வெந்து வந்தது. "எந்த ஊரு ரூமுன்னு போடலையே" என்று புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் விடவில்லை. எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில் வரும்வரை பிஸ்கட்டேதான். எதிர்வீட்டு மாமா அண்ணனூர்க்காரர்; வாசலில் நின்று மோப்பம் பிடிப்பார். "இன்னா சார், ஊட்லயே பேக்கரி வச்சிகினு கீறீங்களா?"

பன் எப்படியோ தேறியது. ரொட்டியில் வண்டி நின்றுவிட்டது. ஈஸ்ட் கலந்த மாவு ஒரு மணி நேரம் உப்ப வேண்டும் என்றது புத்தகம். அம்மா எட்டிப் பார்த்து, "ஒரு மணி நேரத்துல என்னத்தப் புளிக்கும்? ராத்திரி முழுக்க இருக்கட்டும், பூவா வரும்" என்றாள். இட்லி மாவில் அம்மாவை மிஞ்ச அந்தக் குவார்ட்டர்ஸில் ஆள் கிடையாது. அப்பாவும் நம்பிவிட்டார். காலையில் பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிவிட்டு மேடையெல்லாம் வழிந்திருந்தது. கள்ளு வாடை வேறு. அம்மா முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு, அதில் வெங்காயத்தை நறுக்கிப் போட்டு ஊத்தப்பமாக வார்த்து எனக்கே டிபன் கட்டிவிட்டாள்.

அதற்கப்புறமும் ரொட்டி படியவில்லை. ஒருநாள் செங்கல்லாக வரும், ஒருநாள் நடுவில் பச்சை மாவாக இருக்கும். பிறந்தநாளோ நெருங்கிக்கொண்டே வந்தது. பிளாக்கில் எந்த முகத்தோடு நிற்பேன்?

"ரொட்டிய விட்டுட்டு கேக் போடுப்பா."

"ரொட்டி முடியட்டும்மா."

திட்டவும் மாட்டார், இறங்கியும் வரமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் புத்தகத்தை எடுத்தார். ரொட்டிப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மிச்சப் பக்கங்களைக் கத்தையாகப் பிடித்துப் புரட்டி, கேக்குக்குப் போனார்.

கேக் வந்தது. எப்படி வந்தது என்கிறீர்கள்! ஓர் அடுக்குதான். ஆனால் விரலால் அழுத்தினால் மெத்தை மாதிரி எழும்பியது. பிளாக் பிள்ளைகள் தட்டை வழித்து நக்கினார்கள். மாடி வீட்டுக்காரியே இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினாள். எதிர்வீட்டு மாமா வாயில் கேக்கோடு, "சார், ஷோக்கா கீது சார்" என்றார். அன்றைக்கு என் அப்பாவை விடப் பெரிய ஆள் உலகத்திலேயே கிடையாது. தரையில் கால் படாமல்தான் திரிந்தேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தால், அப்பா முழங்கை வரை மாவோடு நிற்கிறார். புத்தகம் மறுபடி ரொட்டிப் பக்கத்தில் திறந்து கிடக்கிறது.

"அதான் கேக் சூப்பரா வந்துடுச்சே. இன்னும் எதுக்குப்பா இது?"

"அது வந்துச்சும்மா" என்றார், மாவிலிருந்து கையை எடுக்காமலே. "நான் இன்னும் செய்யல."

ஊரே சாப்பிட்டுத் தீர்த்த கேக்கைச் செய்யவில்லை என்கிறாரே, அப்பாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன். தானாக நன்றாக வந்துவிட்ட ஒன்றைத் தன் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிற மனுஷர் அவர் என்பதும், அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு அபூர்வம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.