துடைத்துவிடக்கூடிய தாள்

ஐப்பசி மூன்றாம் தேதி, ஞாயிறு. கொல்லிமலை விடுதியில் வழக்கம்போல் மதியம்வரை நீர்வண்ணத்தில் படம் வரைந்தேன். பிறகு தூரிகைகளைக் கழுவிக் காயவைத்தேன். மாலையில் விடுதியின் சமையல்காரர் என் அறைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். கை உலர்ந்திருந்தாலும் தோள்துண்டில் துடைத்துக்கொண்டே இருப்பார்.

செல்போனில் தன் மகனைக் காட்டினார். லாரியில் கிளீனராகப் போனவன். இரண்டு வருடமாக ஒரு தகவலும் இல்லை.

"எங்க ஊட்டு வாசல்ல இவன் நிக்கற மாதிரி வரைஞ்சு குடுங்க சார். ஆனா ஊட்டுக்காரி ஒத்துக்க மாட்டீங்கறா. செவுத்துல மாட்டுனா செத்தவன்னு ஆயிருமாம்."

என்னிடமிருந்த இருவகைத் தாள்களையும் அவர்முன் வைத்தேன். சொரசொரப்பான கோல்டு பிரஸ் தாளில் வண்ணம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதில் வரைவதே நல்லது என்றேன். வழவழப்பான ஹாட் பிரஸ் தாளில் வண்ணம் மேலாக நிற்கும். ஈரத்துணி பட்டால் போய்விடும் என்றும் சொன்னேன்.

"தொடச்சா போயிருமுங்களா?"

"பெரும்பாலும் போய்விடும்."

"அப்ப இதுலயே போடுங்க. தொடச்சுக்கலாம்னா அவளும் ஒத்துக்குவா. அவன் வந்துட்டான்னா வாசல் மட்டும் இருந்தாப் போதும். ஒருத்தனே மூணாளு சோறு திம்பான், ரெண்டு பேரு எதுக்குங்க?"

சிரித்துவிட்டு மறுபடி கையைத் துடைத்தார். மகன் வருவான் என்று அவர் நம்பினாரா, மனைவிக்காகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும், எந்தத் தாளிலும் கறையாகத் தங்கிவிடுகிற நிறங்களை வண்ணப்பெட்டியிலிருந்து எடுத்து, இந்தப் படத்துக்கு வேண்டாமென்று தனியே வைத்தேன்.