குழி விழுந்த தகடு

எழுபதுகளில், செங்கல்பட்டுக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே ஒரு தனியார் கொட்டகையில் எனக்கு உத்தியோகம். காற்றழுத்தக் குழாயிலிருந்து இரும்புக் குண்டைப் பறக்கவிட்டு எஃகுத் தகட்டை அடிப்பார்கள். குழி விழுந்ததா, விரிசல் கண்டதா என்று நான் எழுத வேண்டும். இதற்கு ஒரு பௌதிகப் பட்டதாரி தேவைப்பட்டான்.

மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் முதுகில் சுண்ணாம்பு பூசி, குழிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, காலைவரை விட வேண்டும். விரிசல் இருந்தால் சுண்ணாம்பில் ஈரக்கோடு ஓடும். தேறிய தகட்டை எறிய மாட்டோம். குண்டு விடுகிறவருக்கு முன்னால் தடுப்பாக மாட்டிவிடுவோம். ஏற்கெனவே அடி தாங்கியது இனியும் தாங்கும் என்பது எங்கள் கொட்டகையின் விஞ்ஞானம்.

குண்டு விடுகிறவர் சதுரங்கப்பட்டினத்து ஃபிட்டர். ஒருநாள் ஒரு தகட்டில் எண்ணெய் ஊற்றி அரைமணிகூட ஆகவில்லை, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குனிந்து பார்த்தேன். சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது. ‘விரிசல் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டேன்.

“இன்னா சார், அதுக்குள்ளயா? காலைல பாத்துக்கலாம் சார்.”

“படிச்சவன்யா நான். எனக்குத் தெரியும்.”

“நீ படிச்சா எண்ண சீக்கிரம் எறங்குமா? அதுக்குப் பின்னாடி நிக்கப் போறது நானு.”

நல்ல நகைச்சுவை என்று சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கையெழுத்து விழுந்துவிட்டதால் முதலாளி அன்றைக்கே தகட்டைக் கழுவி மாட்டச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஒரு குண்டு தெறித்துத் திரும்பி வந்து தடுப்பில் மோதியது. தகடு அந்தக் குழியிலேயே பிளந்தது. துண்டு ஒன்று ஃபிட்டரின் வலது முழங்கையில் பாய்ந்தது. அதன்பிறகு அந்தக் கை மடங்கவில்லை.

முதலாளியே விசாரித்தார். தகட்டின் குற்றம் என்றால் ஃபிட்டருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கிடைக்கும். அவருடைய கவனக்குறைவு என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“காலைல பாக்கலாம்னு சார்கிட்ட சொன்னேன். கேளுங்க, அவரே சொல்வாரு” என்று ஃபிட்டர் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் சந்தேகமே இல்லை.

“நான் பார்த்தபோது சுண்ணாம்பு காய்ந்திருந்தது” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

“இவர் ஏதாவது சொன்னாரா?” என்றார் முதலாளி.

நூறு செய்யுளை நிறுத்தாமல் ஒப்பிக்கிறவன், ஞாபகமில்லை என்றேன்.

கவனக்குறைவு என்றே முடிவாயிற்று. வெளியே வந்ததும் ஃபிட்டர் திட்டுவார் என்று தயாராக நின்றேன்.

“வுடு சார்” என்றார். “ஒனக்கும் வூடு வாசல்னு கீது.”

அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டிவிட்டு எப்போதோ மறந்திருப்பேன்.